மேனேஜர் குரலில் பேசியவன்

என் மச்சானுக்குக் குரல் போனதற்குக் காரணம் நான். அதை எழுத உட்கார்ந்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது என் மீசை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மச்சான் என் மனைவியின் தம்பி, என்னைவிடப் பத்து வயது இளையவன். செம்மங்குப்பம் தொழிற்பேட்டையில், சாயம் தயாரிக்கத் தேவையான ரசாயனம் செய்யும் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. வெப்பம், அழுத்தம் காட்டும் மீட்டர்கள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த மீட்டர்கள் சொல்வதைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையில் பார்ப்பது அவன் பொறுப்பு. அவன் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருவான், நான் சிதம்பரத்திலிருந்து போவேன்.

மாமனும் மச்சானும் கிண்டல் செய்துகொள்ளவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்கள் பயந்துவிடுவார்கள், ஏதோ சொத்துத் தகராறு என்று. தலைதீபாவளிக்குப் போன என் காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தவன் அவன். அன்றைக்குத் தொடங்கியது. இருபத்து மூன்று வருஷமாக அந்த உப்புக்குப் பதில் மரியாதை செய்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை தோறும் கம்பெனியில் என் மிமிக்ரி உண்டு. எங்கள் பிளான்ட் மேனேஜர் எல்லோரையும் ‘ராஜா’ என்பார், எதைச் சொன்னாலும் கடைசியில் ‘புரியுதா?’ என்று முடிப்பார், நடுவில் தொண்டையைச் செருமுவார். அவரை அப்படியே இறக்குவேன். ஐம்பது வயதானதும் தொண்டை ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் அந்த ஆப் கிடைத்தது. யாருடைய குரலாவது அரை நிமிடம் கொடுத்தால் போதும், நாம் டைப் செய்வதை அந்தக் குரலிலேயே பேசும். இலவசம்.

மேனேஜர் குரலுக்குப் பஞ்சமே இல்லை. அவருக்கு டைப் செய்யப் பொறுமை கிடையாது. வால்வைத் திற, பம்பை நிறுத்து, நாளைக்கு இரண்டு ஷிப்ட் பார், எல்லாமே வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ்தான். எங்கள் பிளான்ட்டே அவர் வாயால் ஓடியது. ஐந்தாறு மெசேஜை எடுத்து ஆப்பில் ஏற்றினேன். ‘இந்தக் குரலுக்கு உரியவரின் அனுமதி உங்களிடம் இருக்கிறதா?’ என்று ஒரு கட்டம் கேட்டது. டிக் செய்தேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு எளிதாகச் சொன்ன பொய் வேறு இல்லை.

மனைவியின் இன்னொரு சிம்மைப் போட்டு மச்சானைக் கூப்பிட்டேன். அவன் வீட்டில் இருந்தான்.

“ராஜா, டியூட்டியில தூங்குறியாமே? போட்டோ வந்திருக்கு. நாளைக்கு விளக்கக் கடிதத்தோட வா. புரியுதா?”

“சார்... சார், அது நான் இல்ல சார்... கண்ணுல தூசி சார்...”

மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு, எழுந்து நின்று, போனில் பேசியிருக்கிறான். அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, நான் பதிவு செய்திருந்த ஆடியோவோடு, மறுநாள் ஷிப்ட் முழுக்கத் தெரிந்தது.

“இன்னாய்யா, போனுக்கே லுங்கிய எறக்கி உட்டியாமே!”

“கண்ணுல தூசி, பாவம். மீட்டர் பாக்குற கண்ணு ஆச்சே.”

ஒரு மாதம் ஓடியது அது. நானும் விடவில்லை, இன்னும் இரண்டு தடவை மேனேஜராகப் பேசினேன். இரண்டு தடவையும் அவன் என்னைப் பிடித்துவிட்டான். “போங்க மாமா, வேற வேலை இல்ல உங்களுக்கு” என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவான். நான் அடுத்த திட்டத்துக்குப் போனேன். அவன் குரலையும் நாற்பது நொடி எடுத்து ஆப்பில் ஏற்றிவைத்தேன். அவன் பேசுவது போல அவன் அக்காவிடம் பேசி, ஒரு கிலோ நெத்திலி வறுத்து அனுப்பச் சொல்லலாம் என்று யோசனை.

அந்தச் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருத்தர் வந்து கேன்டீனில் வகுப்பு எடுத்தார். இனிமேல் குரலை நம்பாதீர்கள், வீடியோவையும் நம்பாதீர்கள், எல்லாவற்றையும் இப்போது செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறது என்றார். மேலதிகாரி மாதிரி யாராவது அவசரப்படுத்தினால் போனை வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார். நான் கடைசி பெஞ்சிலிருந்து, “எங்க வீட்டம்மா அவசரப்படுத்துனா திருப்பிக் கூப்பிடலாமா சார்?” என்று கேட்டேன். பலத்த சிரிப்பு. மச்சான் மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் அவன். அதுதான் பிரச்சினையே.

அது நடந்த அன்று எனக்கு வார விடுமுறை. காலை பத்து மணி இருக்கும். சிதம்பரம் மேல வீதியில் வழக்கமான சலூனில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அதே நேரத்தில் கம்பெனியில் நடந்ததை நான் பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டெஸ்பாட்ச் பிரிவில் ஒருத்தருக்கு மெயில் வந்திருக்கிறது: ஆருத்ரா தரிசனத்துக்கான உள்ளூர் விடுமுறை பற்றித் திருத்தப்பட்ட பட்டியல், இணைப்பைத் திறக்கவும். முன்பெல்லாம் மோசடி மெயில் அதன் தமிழாலேயே மாட்டிக்கொள்ளும். ‘அன்பே வாடிக்கையாளர்’ என்று ஆரம்பிக்கும். இது அப்படி இல்லை. எங்கள் ஹெச்.ஆர். எழுதுவதைவிட நல்ல தமிழ், போன வருஷம் அந்த விடுமுறைக்காக நாங்கள் போட்ட சண்டைகூடத் தெரிந்த தமிழ். அவர் திறந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. விடுமுறைப் பட்டியல் என்றால் நான் இரண்டு முறை திறந்திருப்பேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. ஷிப்ட் ரிப்போர்ட்டைக் கையால் எழுதச் சோம்பேறித்தனப்பட்டு, கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்கும் ஆபீஸுக்கும் எப்போதோ ஒரு கேபிள் இழுத்துவிட்டிருந்தோம். மெயிலில் வந்த வைரஸ் அந்தக் கேபிள் வழியாகவும் நடந்து வந்தது. மச்சான் முன்னால் இருந்த திரை அணையவில்லை. அணைந்திருந்தால் தப்பித்திருப்போம். அது அப்படியே உறைந்து நின்றது. ரசாயனம் கலக்கும் ரியாக்டரின் வெப்பம் நாற்பத்திரண்டு. ஐந்து நிமிடம் கழித்தும் நாற்பத்திரண்டு. “இன்னிக்கு பேட்ச் சாமி மாதிரி ஒக்காந்திருக்கு பாரு” என்று பெருமையாகச் சொன்னானாம். வெளியே ரியாக்டருக்குள் அமிலம் இறங்கிக்கொண்டே இருந்தது, குளிர்விக்கும் தண்ணீர் கூடாமல் இருந்த அளவிலேயே நின்றுவிட, சூடு ஏறிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஒரு கல்யாணத்துக்காக வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தார். தலைமை அலுவலகம் அவருக்குச் சொன்னது இரண்டு விஷயம். கன்ட்ரோல் ரூம் திரையை நம்பவேண்டாம், உற்பத்தியை நிறுத்துங்கள். கம்பெனி போன்களுக்கும் பரவலாம், உடனே அணைத்துவிடுங்கள். அவர் போனை அணைத்துவிட்டு டிரைவரின் போனை வாங்கினார். ஆபீஸ் போன்கள் கம்ப்யூட்டர் வழியாக ஓடுகிறவை, அவை முதலிலேயே செத்துவிட்டன. கன்ட்ரோல் ரூமில் முன்பு இருந்த லேண்ட்லைனைச் செலவு என்று எடுத்துவிட்டு ஒரு செல்போன் கொடுத்திருந்தார்கள். பர்ஸில் இருந்த அவசர அட்டையைப் பார்த்து அந்த செல்போனுக்கு அடித்தார். எடுத்தவன் மச்சான்.

“ராஜா, நான்தான். அமிலத்தை நிறுத்து. ஸ்கிரீனை நம்பாத, வெளிய போயி டயலைப் பாரு. புரியுதா?”

தெரியாத நம்பர். அவசரம். மேலதிகாரி குரல். வகுப்பில் சொன்ன அத்தனையும் வரிசையாக வந்து நின்றன.

“மாமா, போன தடவைக்கு இது பரவால்ல. ஸ்கிரீனை நம்பாதயாம்! எங்கேர்ந்து புடிச்சீங்க?”

வைத்துவிட்டான். பிறகு நோட்டில் எழுதியிருந்தபடி மேனேஜரின் உண்மையான நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறான். அணைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: “சார் போன் ஆப்ல இருக்குதாம், சார் எனுக்குப் பேசுறாராம். எங்க மாமனுக்கு வயசாயிடுச்சி, சரியாக் கோக்கத் தெரியல.”

மேனேஜர் மறுபடி அடித்தார். மறுபடி சிரிப்பு. அட்டையில் அடுத்து இருந்த நம்பர் என்னுடையது.

“ராஜா, நான்தான். உன் மச்சான் சிரிக்கிறான்யா. நீ சொல்லு அவனுக்கு. ரியாக்டரை நிறுத்தணும்.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மச்சானும் ஆப்பை இறக்கிவிட்டான், பழி வாங்குகிறான் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமி, அதே குரலில் திருப்பிக் கொடுத்தேன்.

“ராஜா, நானும் நான்தான். மொதல்ல லுங்கிய எறக்கி உடு. புரியுதா?”

சலூன்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து “அய்யோ” என்று ஒரு சத்தம். அந்த ‘அய்யோ’வைக்கூட, அடேயப்பா, ஆப் நன்றாகச் செய்கிறதே என்று மெச்சிக்கொண்டேன்.

போனை வைத்தபோது ஷிப்ட் குரூப்பில் ஒரு படம் வந்திருந்தது. டெஸ்பாட்ச்காரர் போட்டது. சிவப்பாக ஒரு திரை, நடுவில் பூட்டுப் படம். கீழே: ‘ஆபீஸ்ல எல்லா கம்ப்யூட்டரும் போச்சு.’

பயம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். ஒன்றும் செய்யமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி, எதிரே கண்ணாடியில் மீசையில் கறுப்புக் குழம்போடு வாயைப் பிளந்திருந்த ஒருவனை, யாரோ வேறு ஆள் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தோளைத் தட்டிய பிறகுதான் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.

மச்சான் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டான். நான் மாட்டிக்கொண்டதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று.

“சொல்லுங்க மேனேஜர் சார்.”

“மச்சான், நான்டா. நெஜமாவே நான். அமிலத்தை நிறுத்துடா. அது மேனேஜர்தான்டா பேசுனது.”

“இப்ப சொந்தக் கொரல்ல வந்திருக்கீங்களா? நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் அழுவ ஜாஸ்தி மாமா.”

“ஆபீஸ்ல எல்லாம் போச்சுடா. குரூப்பைப் பாரு.”

“டூட்டியில குரூப் பாக்கக்கூடாதுன்னு மேனேஜர் சார் சொல்லியிருக்காரே. நீங்கதான் அவர் கொரல்ல சொன்னீங்க.”

பின்னால் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். என் அம்மா மேல் சத்தியம் செய்தேன், என் பிள்ளை மேல் செய்தேன். ஆப்பும் சத்தியம் செய்யும் என்று அவனுக்குத் தெரியும். டைப் அடித்தால் எது மேலும் செய்யும். எந்த மெஷினுக்கும் தெரியாத ஒன்றை, விளையாட்டுக்குக்கூட நான் வெளியே விடாத ஒன்றை, சொல்லியாக வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

“டேய், நீ டிப்ளமோ முடிக்கலடா. கணக்குப் பேப்பர் மூணு தரம் போச்சு. மூணாவது தரம் பெயிலான அன்னிக்குத் தேவனாம்பட்டினம் கடக்கரையில என் மடியில படுத்து அழுத. உன் அக்காளுக்குக்கூட நான் சொல்லல. பதினெட்டு வருஷமா சொல்லல. நான்தான்டா மச்சான்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“சரி மாமா” என்றான். நாற்காலி நகர்ந்தது.

மற்ற இரண்டு பேரையும் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் கேட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் ரியாக்டருக்குப் போயிருக்கிறான். டயலில் முள் சிவப்பைத் தாண்டியிருந்தது. மாஸ்க் மாட்டித்தான் போனான். கையால் திருப்புகிற வால்வு பல மாதம் தொடாமல் இறுகிக் கிடந்தது. உடம்பு முழுக்கப் போட்டுத் திருகியதில் மாஸ்க் நழுவியது. மேலே குழாயிலிருந்து பழுப்புப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. அமிலத்தை அடைத்தான், தண்ணீரைத் திறந்தான், படியிறங்கி வந்து விழுந்தான். ரியாக்டர் வெடிக்கவில்லை. அவனைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

நான் கழுத்தில் சலூன் துண்டோடு பஸ் ஏறினேன். பி.முட்லூர் தாண்டியபோது கண்டக்டர், “சார், மூஞ்சியில இன்னாவோ வழியுது” என்றார். துடைத்தேன், இன்னும் பரவியது. கம்பெனி கேட்டுக்குப் போனபோது ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நர்ஸ், ரசாயனம் பட்டவன் நான்தான் என்று நினைத்து ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார். “இது மீசை டை சிஸ்டர்” என்றேன். உள்ளே மச்சான் மூக்கில் குழாயோடு கிடந்தான். என் மேல் உதட்டில் அந்தக் கறுப்பு இரண்டு வாரம் போகவில்லை. அவனைச் சிதம்பரத்துக்கு மாற்றியபோதும், மூச்சு நின்றுவிடுமோ என்று டாக்டர் எங்களை வெளியே நிற்கச் சொன்னபோதும், என் மனைவி என் சட்டையைப் பிடித்து, “என் தம்பிய இன்னா செஞ்சீங்க?” என்று கேட்டபோதும், வேடம் கலைக்காத கூத்தாடி மாதிரி நின்றேன். பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அதற்குக் காரணமானவனும் நான்தானே, யாரைக் குறை சொல்ல?

பிழைத்தான். நுரையீரல் பாதிக்குமேல் தேறியது. தொண்டை தேறவில்லை. காகிதத்தைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம்தான் வரும் இப்போது.

கம்பெனி விசாரணை வைத்தது. போன் வந்தும் ஏன் நிறுத்தவில்லை என்று அவனைக் கேட்டார்கள். பேச முடியாததால் எழுதிக் கொடுத்தான்: ‘குரலை நம்பவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.’ என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காத வாய், இருபத்து மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “தெரியும் ராஜா. அந்த ஆடியோவை யாரோ அப்பவே எனக்கு அனுப்புனாங்க. என் சம்சாரத்துக்குக்கூடப் போட்டுக் காட்டுனேன். சிரிச்சோம்.” தொண்டையைச் செருமினார். “ரிப்போர்ட்ல அதை எழுதுனா, நான் சிரிச்சதையும் எழுதணும். புரியுதா?”

புரிந்தது. ரிப்போர்ட்டில் கேபிள் இல்லை, எடுத்துப்போன லேண்ட்லைன் இல்லை, அணைக்கச் சொன்ன போன் இல்லை, ஆப் இல்லை. இருந்தது ஒரே ஒரு காரணம்: ஆபரேட்டருக்கு உரிய கல்வித் தகுதி இல்லை. ஸ்பீக்கரில் கேட்டவர்கள் இரண்டு பேர், யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. சொன்னவன் யார் என்று எனக்குத்தான் தெரியுமே. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கன்ட்ரோல் ரூமுக்குச் சிவப்பு நிறத்தில் புது லேண்ட்லைன் வந்துவிட்டது. தினமும் அதைத் துடைக்கிறார்கள்.

ஒரு நாள் மனைவி, “அந்த ஆப்புல அவன் கொரல் வெச்சிருக்கீங்கல்ல, ஒரு தரம் போடுங்க” என்றாள். போட்டேன். ‘போங்க மாமா, வேற வேலை இல்ல உங்களுக்கு.’ பழைய குரல், முழுசாக. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அதை அழித்தேன். மேனேஜர் குரலையும் அழித்தேன். ‘உங்கள் போனிலிருந்து நீக்கப்பட்டது’ என்று வந்தது. என் போனிலிருந்து. வேறு எங்கெங்கே இருக்கிறது என்று அது சொல்லவில்லை, நான் யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் சேர்த்து ஒரு ரகசிய வார்த்தை வைத்தோம். போனில் யார் எந்தக் குரலில் பேசினாலும் முதலில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று இங்கே எழுதமாட்டேன், எழுதினால் வேறு கண்டுபிடிக்க வேண்டும். மனைவி இதில் என்னைவிடக் கறார்.

போன வாரம் ஒரு மத்தியானம் அவளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. கரகரவென்று ஒரு சத்தம், நடுவில் ‘அக்கா’ என்பது மாதிரி ஏதோ.

“யாரு? வார்த்தை சொல்லுங்க.”

மறுபடி கரகரப்பு.

“வார்த்தை சொல்லலன்னா வெச்சிடுவேன்.”

வைத்துவிட்டாள். “மோசடிப் பசங்க, இருமுறா மாதிரியெல்லாம் பேசுறானுங்க” என்று என்னிடம் சொன்னாள். ஒரு நொடி கழித்து அவளுக்கே உறைத்தது. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவன் பழைய நம்பருக்கு அடித்தாள், அணைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. அந்த வார்த்தைகளை எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாகக் கேட்க முடியாது. நான் உடனே சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தேன். என் பீதிக்கு இதைவிட அதிகம் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து அவனே வந்தான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், தன் மனைவியின் புது நம்பரிலிருந்து பேசினானாம். இரண்டு வரி சொல்வதற்காகத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறான். பழைய அரியர் எழுத இந்த வருஷம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள், கணக்குப் பேப்பருக்குப் பணம் கட்டிவிட்டானாம். அதுதான் செய்தி. ஆனால் அதைப் பிறகுதான் சொன்னான்.

கேட்டுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

“வார்த்த சொல்லுங்க மாமா.”

கிழிந்த குரல். முகத்தில் ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வருஷமாக அவன் முகத்தைப் பார்த்தே எது விளையாட்டு என்று சொல்லிவிடுவேன். அன்றைக்குத் தெரியவில்லை. என் வீட்டு வாசலில், திருப்பி மாட்டிய சட்டையோடு நின்று, அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, தாழ்ப்பாளை அவனே தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.